ஐசியூவுக்குப் போகிறவரின் காது மெஷினை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்

அம்மாவுக்கு நிமோனியா முற்றி, பினாங்கில் ஒரு மருத்துவமனையில் சுவாசக் கருவி பொருத்தினார்கள். அவசரப் பிரிவு, எக்ஸ்ரே, கையெழுத்து எல்லாம் வேகமாகவே முடிந்தன. என் வயிற்றெரிச்சல் அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றித்தான்.

ஐசியூ வாசலில் ஒரு மிஸி (நர்ஸ்) என் கையில் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க, இங்க தொலைஞ்சா நாங்க பொறுப்பில்ல" என்றார். உள்ளே வளையல், மூக்குக் கண்ணாடி, பல்செட், காது மெஷின். நானும் யோசிக்காமல் அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் மதியம் போனால், அம்மாவின் இரண்டு கைகளையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குழாயைப் பிடுங்கப் பார்த்தாராம், சொன்ன பேச்சைக் கேட்கவில்லையாம், மயக்க மருந்தைக் கூட்டியிருக்கிறார்களாம். குழாயைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து, அது எனக்குப் புரிகிறது. ஆனால் மெஷின் இல்லாமல் அம்மாவுக்குக் காது கேட்காது. கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது. குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இறங்குவதால் வாயைத் திறந்தாலும் சத்தம் வராது. அப்படி ஒருவர் எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்பார்? இதை நான் டாக்டரிடம் சொன்னபோது, "காது கேட்காதென்று யாரும் எங்களிடம் சொல்லவே இல்லையே" என்றார். நான்தான் சொல்லவில்லை. அன்று முழுக்க அது நெஞ்சை அறுத்தது.

உடனே ஃபெரி பிடித்து வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்து பத்து நிமிடம். காவலர் விடவில்லை. பையை மட்டுமாவது உள்ளே கொடுங்கள் என்று கெஞ்சியும் பயனில்லை. அடுத்த நாள் உள்ளே போய் மாட்டினால் பேட்டரி தீர்ந்திருந்தது! வெளியே ஓடி, மருந்துக் கடையில் 312 எண் பேட்டரி வாங்கி வந்தேன், பழுப்பு ஸ்டிக்கர் போட்டது. ஸ்டிக்கரை உரித்ததும் ஓரிரண்டு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள், காற்றுப் பட்டால்தான் அது வேலை செய்யும்.

மெஷினை மாட்டி, "அம்மா, நான் வந்துட்டேன்" என்றேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். கை இழுப்பது நின்றது.

மயக்கம் குறைந்த பிறகு ஓர் அட்டை எழுதினேன். வலி, தாகம், குளிர், திருப்பிப் படுக்க வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் மிஸிகளுக்காக சாக்கிட், ஹாவுஸ் என்று மலாயில் அவர்கள் எழுத்திலேயே. பேச முடியாதவரின் வலியை முகச்சுளிப்பு, உடல் அசைவு, தசை இறுக்கம், சுவாசக் கருவிக்கு உடல் ஒத்துழைப்பது ஆகிய நான்கையும் பார்த்து 0 முதல் 8 வரை மதிப்பெண் போடுவார்கள் என்று ஒரு மிஸி விளக்கினார். நல்ல முறைதான். ஆனால் அம்மாவின் விரல் மூன்று முறையும் போய் நின்றது 'தாகம்' என்ற சொல்லில். குடிக்கத் தரக்கூடாது. கேட்டால் பஞ்சுக் குச்சியை நனைத்து வாயையும் உதட்டையும் துடைத்துவிடுவார்கள், நாமும் செய்யலாமா என்று கேளுங்கள். நான் கேட்டேன், விட்டார்கள். அன்று மாலை ஒரு கைக்கட்டை அவிழ்த்தார்கள்.

இன்னொன்று. ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். எடுத்ததும் தண்ணீர் கிடைக்கும் என்று அம்மா காத்திருந்தார். விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தருவார்களாம், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை. அம்மா கரகரத்த குரலில், "நீயும் தர மாட்டியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.