முடிச்சூரா, பெருங்களத்தூரா: ஒரு மழைக்காலம் காத்திருந்து வீடு வாங்கிய கதை

வீடு வாங்கப் போகிறோம் என்று வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். அலுவலகத்தில் ஒருவர் கூடுவாஞ்சேரி என்றார், மச்சான் குன்றத்தூர் என்றான். அம்மா மட்டும், "எங்கயோ ஒண்ணு, நான் இருக்கும்போதே வாங்குங்க" என்றார். எனக்கு வேலை சென்னை கிண்டியில், மின்சார ரயிலை விட முடியாது. மனைவிக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேலை. ஆகவே தாம்பரத்தைச் சுற்றித்தான் தேட வேண்டும். தாம்பரத்துக்குள்ளேயே அரை கிரவுண்டில் தனி வீடு என்றால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. அடுக்குமாடி வேண்டாம் என்பது அம்மாவின் நிபந்தனை. துளசி மாடம் வைக்க மண் வேண்டுமாம்.

2023 ஜூன் மாதத்துக்குள் பட்டியல் இரண்டு ஊராகச் சுருங்கியது: முடிச்சூர், பெருங்களத்தூர். ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள்தான். ஆனால் முடிச்சூர் அப்போது கிராம ஊராட்சி. பெருங்களத்தூர் 2021-ல் பேரூராட்சியிலிருந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் போன ஊர். வீட்டு வரி, குப்பை வண்டி, தெருவிளக்கு எல்லாமே அந்தக் கோட்டைத் தாண்டினால் மாறும். இது ஒரு விஷயமா என்று அப்போது நினைத்தேன்.

வெயில் காலத்தில் பார்த்தால் முடிச்சூர்தான் ஜெயித்தது. அகலமான தெருக்கள், வீட்டுக்கு வீடு மாமரமும் தென்னையும். சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய் வரை குறைவாகச் சொன்னார்கள். நாங்கள் பார்த்த முதல் வீட்டில் உரிமையாளர் அம்மா ஒரு சொம்பில் போர் தண்ணீர் கொடுத்தார். இளநீர் மாதிரி இருந்தது. "முப்பது அடியில தண்ணி சார், மோட்டார் போட்டா பத்து நிமிஷத்துல டேங்க் ரொம்பிடும்" என்றார் புரோக்கர். பக்கத்தில் அடையாறு ஓடுவதால்தான் அந்தத் தண்ணீர். அதே ஆறுதான் பிரச்சினையும்.

2015 டிசம்பர் பற்றித் தாம்பரம் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. முடிச்சூரும் பக்கத்து வரதராஜபுரமும் மூழ்கி, படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். பலர் அதைச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்த வெள்ளம் என்று இன்னமும் சொல்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் அது பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது. ஆற்றின் போக்கில் முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. இங்கே வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் தண்ணீர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "செம்பரம்பாக்கத்தை இப்பல்லாம் பார்த்துத்தான் திறக்கிறாங்க, இனிமே பயமில்ல" என்று இரண்டு புரோக்கர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆற்றை அகலப்படுத்தியதும் மூடுகால்வாய் வேலையும் உண்மைதான். அது எந்த அளவுக்குப் போதும் என்பதை மழைதான் சொல்ல வேண்டும்.

நாலைந்து வீடு பார்த்ததும் சுவரைப் படிக்கப் பழகிவிட்டோம். கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தால் அழகுக்காக மட்டும் இருக்காது. சுவிட்ச் போர்டுகள் எல்லாம் நெஞ்சளவு உயரத்தில், மின் மீட்டர் அதற்கும் மேலே. பீரோவின் கால் துருப்பிடித்திருக்கும், மேல்பாதி பளபளவென்று இருக்கும். ஒரு தெருவில் ஒரு வீட்டையே ஜாக்கி வைத்து நாலடி தூக்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பெருமையாகக் காட்டினார். புதுச் சாலை போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால் பல வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்து, வாசலில் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிப் போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டை உள்ளே போகாமலே விட்டுவிடுவோம்.

சரியான தகவல் எங்களுக்குப் புரோக்கரிடமோ உரிமையாளரிடமோ கிடைக்கவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அண்ணனிடம் கிடைத்தது. "எந்த வீடு? பச்சை கேட்டா? அந்த வீட்டுக்குள்ள வராது. ஆனா நீங்க வெளிய வர முடியாது" என்றார். அன்றைக்கு அதை ஒரு வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

பச்சை கேட் வீடுதான் எனக்குப் பிடித்தது. பதினைந்து வருட வீடு, தெருவிலிருந்து ஐந்து படி உயரம், பின்னால் கிணறு. உரிமையாளர் மகளோடு பெங்களூர் போகிறார், அவசரம். பெருங்களத்தூரில் பார்த்தவை அதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை. தெருக்கள் குறுகல், ஆட்டோ திரும்பினால் மதில் உரசும். மேடு என்பதால் பாறை. போர் போடுபவர் ஒருவர், "முந்நூறு அடி போனாலும் சித்திரை மாசம் உத்தரவாதம் கிடையாது" என்று நேராகவே சொன்னார். கோடையில் லாரித் தண்ணீர்தான்.

ரயிலிலும் ஒரு சூட்சுமம். பெருங்களத்தூருக்குச் சொந்தமாக நிலையம் உண்டு, ஆனால் அங்கே நிற்பவை செங்கல்பட்டுப் பக்கமிருந்து வருபவை. எண்ணிக்கை குறைவு, காலையில் வரும்போதே நிறைந்து வரும். முடிச்சூர்க்காரர் பேருந்தில் தாம்பரம் வந்தால், அங்கிருந்தே புறப்படும் வண்டியில் உட்கார்ந்து போகலாம். நிலையம் பக்கத்தில் இருப்பதும் ரயில் வசதியாக இருப்பதும் ஒன்றல்ல. இரண்டு வாரம் காலை எட்டு மணிக்குப் பெருங்களத்தூர் வரை போய் அங்கிருந்து ஏறிப் பார்த்தேன். ஒன்பது நாள் நின்றுகொண்டு, ஒரு நாள் உட்கார்ந்து.

அக்டோபர் கடைசியில் பச்சை கேட் வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்டார். இன்னொரு பார்ட்டி தயாராக இருக்கிறார்கள் என்றார், எல்லோரும் சொல்வதுதான். நான் காசோலைப் புத்தகத்தை எடுத்துவிட்டேன். மனைவி, "மழை முடியட்டும்ங்க. கார்த்திகை போகட்டும், அப்புறம் கொடுக்கலாம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஐந்து மாதம் சுற்றியது கால் வலியாகவே இருந்தது. வீடு கைவிட்டுப் போனால் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அம்மா அவள் பக்கம்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். சேலையூர் வாடகை வீட்டில் மின்சாரம் போய், போனில் இருந்த கடைசிக் கொஞ்சம் சார்ஜில் முடிச்சூர் உரிமையாளரைக் கூப்பிட்டேன். "வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல சார், வேணும்னா பாருங்க" என்று ஒரு வீடியோ அனுப்பினார். சொன்னது உண்மை. கூடம் காய்ந்து கிடந்தது, படிகள் நாலு வெளியே தெரிந்தன. அவர் கேமராவைத் திருப்பும்போது கேட்டுக்கு வெளியே தெரு தெரிந்தது. தெரு அல்ல, ஓடும் தண்ணீர். ஐந்தாம் தேதி ஸ்கூட்டரில் கிளம்பி முடிச்சூர் சாலையில் பாதி தூரம் போய்த் திரும்பினேன். ஏழாம் தேதிதான் அந்தத் தெருவுக்குள் போக முடிந்தது. பால் பாக்கெட்டை ஒருவர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். இஸ்திரி அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. எழுபத்திரண்டு வயது அம்மாவுக்கு இரவில் மூச்சுத்திணறினால் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்?

பெருங்களத்தூர் மேடு, அங்கே ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனால் அங்கேயும் பாடம் காத்திருந்தது. பட்டியலில் மூன்று வீடுகள். இரண்டாவது வீட்டின் பின்புறம் தண்ணீர் நின்று, கழிவுநீர்த் தொட்டி பொங்கிக் கொல்லைப்புறமே நாறியது. வீட்டுக்கு வந்து கிராம வரைபடத்தையும் அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நிலத்தின் அளவுப் படம்) வைத்துப் பார்த்தேன். மதிலுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் புறம்போக்கு போகிறது. தரையில் அது இப்போது மூன்றடிச் சாக்கடை. தண்ணீருக்குப் பழைய அகலம்தான் ஞாபகம் இருக்கிறது போலும். இதை ஜூன் மாதமே பார்த்திருக்கலாம். பட்டா, ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடு எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. 'ஏரி உள்வாய்', 'வாய்க்கால்', 'ஓடை' என்று பக்கத்து எண்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள், உங்கள் எண்ணுக்கு மட்டும் பார்க்காதீர்கள்.

மூன்றாவது வீடுதான் நாங்கள் வாங்கியது. முன்பு அதை "வெளிச்சம் கம்மி" என்று நானே தள்ளியிருந்தேன். புயல் முடிந்து மூன்றாம் நாள் தெரு காய்ந்திருந்தது. அதைவிட முக்கியம், அங்கிருந்து ஜிஎஸ்டி சாலை வரை நடந்து பார்த்தேன், செருப்பு நனையவில்லை.

பத்திர வேலையை நீட்டி முழக்க வேண்டாம். தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சி, முப்பது வருட வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி எல்லாம் வங்கியின் வக்கீல் பார்த்தார். எங்கள் செலவில் இன்னொரு வக்கீலையும் பார்க்கச் சொன்னோம், அது வீண்போகவில்லை. பட்டா இன்னமும் இரண்டு கை முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருந்ததை அவர்தான் பிடித்தார். விற்பவர் பெயருக்கு அது மாற ஏழு வாரம் ஆனது. செலவைக் கணக்குப் போடும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் தனியாக எடுத்து வைத்தோம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதம். அந்த வகையில் அதற்கு முன்பே வாங்காதது லாபம் என்று மகிழ்ந்தேன். ஆனால் அதே சமயம் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிலத்துக்கு வைக்கும் மதிப்பை, ஏற்றிவிட்டார்கள் என்பதை மனைவி நினைவுபடுத்தினாள். இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவருக்கு முழுப் பணத்தையும் கொடுத்திருந்தால் அதைத் திருப்பி வாங்க நான் அலைந்திருப்பேன்.

2024 வைகாசியில் குடிவந்தோம். போர் மூன்றாவது வாரமே காற்றை இறைத்தது. லாரிக்காரர் எண் இப்போது என் போனில் உறவினர் எண்களுக்கு மேலே இருக்கிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்குத் தண்ணீருக்கென்று ஒரு தொகை ஒதுக்குகிறோம். லாரி உள்ளே திரும்பாது, தெருமுனையிலிருந்து குழாய் போட்டுத்தான் தொட்டியை நிரப்ப வேண்டும். அம்மா துளசி மாடத்துக்கு அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றுகிறார். ரயிலில் இன்னமும் நின்றுகொண்டுதான் போகிறேன்.

பச்சை கேட் வீடு பிப்ரவரியிலேயே விற்றுவிட்டது, அவர் முதலில் சொன்ன விலைக்கே. வாங்கியவர்கள் வரதராஜபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இஸ்திரி அண்ணன் சொன்னார். மிக்ஜாம் சமயத்தில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீராம். அந்த ஐந்து படியைப் பார்த்ததும் பேரம் கூடப் பேசவில்லையாம்.