ஒஃபீலியாவின் அருவதா

மே 18, 2024, சனி

சிகாகோவை ஒட்டிய ஈவன்ஸ்டன். ஃபாஸ்டர் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி ஏரிப் பக்கமாக நடந்தேன். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஷேக்ஸ்பியர் தோட்டம் ஒன்று இருப்பது, சிகாகோவில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தும் எனக்குத் தெரியாது. ஹாதார்ன் முள்வேலி அப்படி மறைத்திருக்கிறது. வாசலைக் கண்டுபிடிக்கவே இரண்டு சுற்றுச் சுற்றினேன். வேலி முழுக்க வெள்ளைப் பூ.

ஷேக்ஸ்பியர் இறந்து 300 ஆண்டு நிறைவதையொட்டி 1915இல் இதை வடிவமைத்தவர் யென்ஸ் யென்சன். இந்த மண்ணின் புல்வெளிச் செடிகளையே வாழ்நாளெல்லாம் கொண்டாடிய மனிதர், ஆங்கிலேயத் தோட்டம் போட ஒப்புக்கொண்டது வேடிக்கைதான். நாடகங்களில் வரும் செடிகளைத்தான் இங்கே தேடித் தேடி வளர்க்கிறார்கள்.

ஜூன் 8, சனி

வழியெல்லாம் 17 ஆண்டு மண்ணுக்குள் கிடந்து வெளிவந்த சில்வண்டுகளின் இரைச்சல். தோட்டத்தில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் மண்டியிட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஊர்த் தோட்டக் கழகத்துக்காரர். இதைப் பராமரிப்பதெல்லாம் அவர்கள்தாம், சம்பளமில்லாமல்.

சாம்பல் பச்சையில் பொடி இலையாக ஒரு செடி. ஓர் இலையைக் கிள்ளி மோந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அருவதா! தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் வீடு முழுக்க இருந்த வாடை. "அதன் பெயர் 'ரூ'. ஹாம்லெட் நாடகத்தில் ஒஃபீலியா கொடுப்பது" என்றார் அம்மையார். உடனே கையைக் கழுவச் சொன்னார். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்பளிக்குமாம்.

படித்த காலத்தில் 'ரூ' எனக்கு வெறும் அடிக்குறிப்பு. வருத்தத்தின் குறியீடு என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஃபெனல் என்று ஒஃபீலியா நீட்டுவதும் நம் சோம்புதான்.

இரவு அம்மாவுக்குப் போன் செய்து, பித்துப்பிடித்த பெண்ணொருத்தி அரசவையில் அருவதா கொடுத்த கதையைச் சொன்னேன். "யாருக்கு மாந்தம்?" என்று கேட்டார்.

ஜூலை 6, சனி

இந்த முறை நானே கேட்டுக் களைக்கொத்தை வாங்கிக்கொண்டேன். முழங்கால் கெஞ்சியது. அரை மணி நேரத்தில் ஒரு வாளி நிரம்பியதும் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மையார் கிளறிப் பார்த்து, இதய வடிவ இலையோடு ஒரு கொத்தை வெளியே எடுத்தார். வயலட் பூச்செடி.

"எங்கள் வீட்டுப் புல்தரையில் இதைத்தான் பிடுங்கி எறிகிறோம்" என்றேன்.

"நானும்தான், என் வீட்டில்" என்று சிரித்தார். "வேலிக்கு இந்தப் பக்கம் கூடாது."

தந்தை இறந்த அன்றே வயலட்டுகளெல்லாம் வாடிவிட்டன என்பாள் ஒஃபீலியா. இங்கே வாட வைத்தவன் நான். மறுபடி குழி தோண்டி நட்டு, இரண்டு முறை தண்ணீர் ஊற்றினேன். கிளம்பும்போது இலைகள் மண்ணோடு சாய்ந்து கிடந்தன. வேர் அறுபடவில்லை என்றுதான் நினைக்கிறேன். புதன்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்க வேண்டும்.