ஒன்பது மணித் திருகாணி

மலையகத் தோட்டங்களில் மாசியில் ஆடும் ரதி-மன்மதன் கதையான காமன் கூத்தைப் பதிந்த கேசட் ஒருவழியாகத் துலங்கிவிட்டது. கம்பளியால் மூடியதுபோல் மங்கிக் கிடந்த நாடாவில், ரதி புலம்பும் இடத்தில் தப்புப் பறையின் மெல்லிய குச்சி விழும் ஒவ்வொரு அடியும் இப்போது தனித்தனியாகக் கேட்கிறது. பூஞ்சணம் துடைப்பதும் பெல்ட் மாற்றுவதும் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஹட்டன் பனியில் எந்தப் பெட்டிக்குள் வைத்தாலும் வெள்ளை படியத்தான் செய்யும். துடைக்காமலே டெக்கில் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நான் எழுத வந்தது, நாடாவை உரசி ஒலியை எடுக்கும் ஹெட்டின் சாய்வை மாற்றும் அசிமுத் திருகாணியைப் பற்றி.

நாடாவின் அகலமே 3.81 மில்லிமீட்டர்தான். பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட் மயிரிழை சாய்ந்திருந்தால், நம் டெக்கின் ஹெட்டும் அதே அளவு சாய்ந்தால்தான் கூர்மையான ஒலிகள் மீளும். 'தொழிற்சாலை அளவில் கை வைக்காதே' என்பவர்கள் கடைக் கேசட் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். தோட்டத்து டூ-இன்-ஒன் ரேடியோ கேசட்டுக்கு ஏது தொழிற்சாலை அளவு?

இடது, வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்து, ஹெட்போனில் கேட்டபடி திருக வேண்டும். குரலை நம்பாதீர்கள், அது எந்தச் சாய்விலும் ஓரளவு கேட்கும். கைத்தாளத்தின் 'ச்சிங்' எப்போது வெட்டி விழுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு கணினியில் ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடது, வலது இரண்டின் முகடுகளும் ஒரே கோட்டில் நிற்கும். காந்தம் ஏறிய இரும்பு ஸ்குருடிரைவரை ஹெட்டின் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. நான் ஒரு பித்தளைக் கம்பியின் நுனியை அரத்தால் ராவி வைத்திருக்கிறேன். கடையில் விற்கும் எதையும்விட அது மேல்.

திருகாணியைச் சுற்றி வட்ட அட்டை ஒட்டிக் கடிகார எண்களை எழுதினேன். வேடிக்கை அங்கேதான் தொடங்கியது. பெரியப்பாவின் டூ-இன்-ஒன்னில் பதிந்தவை எல்லாம் ஒன்பது மணியில் துலங்குகின்றன. கொழும்புப் புறக்கோட்டையில் கடைவேலை பார்த்தபோது தங்கியிருந்த அறையின் செட் பத்தரை. பண்டாரவளையில் மரக்கறி லொறியோடு அலைந்த காலத்துக் கேசட்டுகள் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில். கரப்பான் தின்ற லேபிள்கள் இனி எனக்குத் தேவையில்லை. எந்த ஊரில் இருந்தேன் என்பதைத் திருகாணி சொல்லிவிடுகிறது.

இந்தக் கூத்துக் கேசட்டின் முதல் பக்கம் ஒன்பது, மறுபக்கம் பத்தரை. அந்த மாசியில் நான் ஊருக்கே வரவில்லை என்று இவ்வளவு காலமும் அம்மாவிடம் வாதாடி வந்திருக்கிறேன். மறுபக்கத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, நடுவே அறைத் தோழன் சோற்றுக்குக் கூப்பிடும் குரல். கூத்து முடிந்த கையோடு இதே கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறேன்! அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இரைச்சல் நீக்கும் கருவியைத் தொடவே மாட்டேன். அது இரைச்சலோடு தப்பின் தோலையும் உரித்துவிடும்.

மிச்சமிருப்பது வேகச் சிக்கல். விடியற்காலையில் பேட்டரி இறங்கி மோட்டார் தளர்ந்திருக்கிறது. இப்போது ஓட்டினால் மன்மதன் எரியும் நேரத்தில் ரதி குழந்தைக் குரலில் அழுகிறாள். தப்பை அளவுகோலாக வைக்க வழியில்லை. பனியில் தோல் தளர்ந்துபோகும், நெருப்பில் காய்ச்சியதும் ஏறிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பூசை மணி அடிப்பது நல்லதாய்ப் போயிற்று. அந்த இரண்டு இடங்களையும் பிடித்துக்கொண்டு வேகத்தைப் படிப்படியாக இறக்கிப் பார்க்கிறேன். நடுப்பகுதி இன்னும் வழிக்கு வரவில்லை.

பெல்ட்டுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருதான் கதி. விட்டம் சொல்லிக் கேட்டால் 'இதுவே போதும்' என்று ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள், அளவுகோல் கொண்டுபோங்கள். இதற்குள் நானுஓயா நண்பர் ஒருவர் அருச்சுனன் தபசுக் கூத்தைப் பதிந்த பெட்டி ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாமே 120 நிமிடம் ஓடும் சி-120, நாடாவின் தடிப்பு ஏறத்தாழ 9 மைக்ரோன்! என் டெக் அதை மென்று தின்றுவிடும். அதற்குமுன் நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரை மாற்றியாக வேண்டும். கண்டியிலோ பதுளையிலோ நல்ல ரப்பரில் விற்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.