கிளாஸ் 3-இல் ஒரு கம்பைல்

மொரீஷியஸில் புயல் எச்சரிக்கைக்கு நான்கு படிகள். கிளாஸ் 1 என்றால் வானொலியைக் கவனி. கிளாஸ் 2 என்றால் ரொட்டி, மெழுகுவர்த்தி, சார்டின் டின் எல்லாம் வாங்கி வை. கிளாஸ் 3 என்றால் வாசலைத் தாண்டாதே. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் கிளாஸ் 4. இதில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, ஊரே ரொட்டி வரிசையில் நிற்கும்போதுதான், ரோஸ் ஹில்லில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவருக்குத் தன் பழைய கோப்புகள் ஞாபகம் வந்தன.

2002, 2003 வாக்கில் கோயிலுக்காக அவர் அடித்து வைத்த அறிவிப்புகள், பிள்ளைகளுக்கான பயிற்சித் தாள்கள். எல்லாம் திஸ்கி. யூனிகோடு வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்னால் இணையத் தமிழில் ஓடிய எட்டு பிட் குறியாக்கம். கீழ்ப்பாதி 128 இடத்தில் ஆங்கிலம், மேல்பாதி 128 இடத்தில் தமிழ். லத்தீன்-1 குறியாக்கத்தில் அதே மேல்பாதியில் உட்கார்ந்திருப்பவை தொப்பியும் வாலும் வைத்த பிரெஞ்சு எழுத்துகள். அதனால் கோப்பைப் போனில் திறந்தால் பக்கம் முழுக்கத் தொப்பிகள். வாத்தியாரின் மனைவியான அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பிரெஞ்சு இது, ஒரு வார்த்தைகூடப் புரியலையே" என்றார். இந்தத் தீவில் புரியாத பிரெஞ்சைக் கண்டுபிடிப்பது சாதாரண விஷயமில்லை.

"தம்பி, இது எனக்குப் போன்ல வேணும்" என்றார் வாத்தியார். பக்கத்து வீட்டுத் தம்பி "கொரெக், மாமா" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். அந்த "போன்ல வேணும்" என்பதை அவன் எப்படிப் புரிந்துகொண்டான் என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

திஸ்கியை யூனிகோடாக்கும் ஒரு சின்ன கட்டற்ற நிரல் அவனிடம் இருந்தது. சி மொழி, சுமார் 600 வரி. மடிக்கணினியில் ஓடும் உபுண்டு லினக்ஸில் ஒரு மேக் அடித்தான், அந்த வரிகள் கம்பைல் ஆகி ஓடும் நிரலாயின. ஒரு கோப்பைக் கொடுத்துப் பார்த்தான், தமிழ் வந்தது. அந்தக் கோப்பை மூடினான். அடுத்தது ஆண்ட்ராய்டு.

போனில் டெர்மக்ஸ் என்ற லினக்ஸ் முனையச் செயலியைப் போட்டு, அதிலேயே கிளாங் என்ற கம்பைலரை இறக்கிக் கம்பைல் செய்யலாமே என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறீர்கள். வாத்தியார் போனில் மிச்சம் இருந்தது 300 எம்பி. மற்ற இடமெல்லாம் காலை வணக்கப் படங்கள். கிளாங்கும் அதன் பரிவாரமும் அதற்குள் அடங்காது. ஆகவே கணினியில் கட்டி, விளைந்த டெப் கோப்பை, அதாவது நிறுவத் தயாரான பொட்டலத்தை, மட்டும் போனுக்கு அனுப்புவதுதான் வழி. அதற்கு டெர்மக்ஸ்காரர்கள், கருவிகளை எல்லாம் ஒரே கட்டாக அடைத்த டாக்கர் இமேஜ் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு என்டிகே, கிளாங், ஆட்டோகான்ஃப் முதல் நிஞ்சா வரை உள்ளே இருக்கும். கல்யாணத்துக்கு ஏழு கறி சமைக்க வருகிற சமையல்காரர் அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார் அல்லவா, அந்த மாதிரி. உங்கள் வீட்டு கேஸ் அடுப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

வண்டி பெரிது. பல ஜிபி. கிளாஸ் 2 அறிவித்த பிறகு தீவே உட்கார்ந்து வீடியோ பார்க்கும் இணைப்பில் அது இறங்குவதற்குள் புயல் மடகாஸ்கர் போய்ச் சேர்ந்துவிடும். இப்படிப்பட்ட இணைப்பில் செய்ய வேண்டிய முதல் காரியம், டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன்.ஜேசனில் ஒரே நேரத்தில் இறங்கும் இமேஜ் அடுக்குகளின் எண்ணிக்கையை 1 ஆக்குவது. தானாக விட்டால் 3. மூன்று அடுக்கும் பாதிப் பாதி இறங்கி நிற்கும்போது மின்சாரம் போனால் மூன்றும் வீண். ஒவ்வொன்றாக இறங்கினால், முடிந்த அடுக்கு முடிந்ததுதான்.

தம்பி அதைவிடச் சுருக்கு வழி பிடித்தான். காத்ர் போர்னில் இருக்கும் சித்தப்பா மகனிடம் அதே இமேஜ் இருந்தது. டாக்கர் சேவ் செய்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் வரச் சொன்னான். சேவ் செய்தால் கிடைப்பது ஒரே ஒரு பெரிய டார் கோப்பு. பென்டிரைவோ ஃபேட்32. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 64 ஜிபி பென்டிரைவில் 60 ஜிபி காலியாக இருக்கும்போது "இடம் போதவில்லை, கோப்பு பெரிது" என்று அது சொன்னால் அதன் நியாயம் இதுதான். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யலாம். ஆனால் அந்தப் பென்டிரைவில் ஒரு தங்கையின் கல்யாண ஆல்பம் இருந்தது. ஆகவே ஸ்ப்ளிட் கட்டளையால் 3 ஜிபி துண்டுகளாக நறுக்கி, துண்டு கெடாமல் வந்ததா என்று பார்க்க ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ256 எண் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். இந்தப் பக்கம் எண்ணைச் சரிபார்த்து, கேட் கட்டளையால் அகர வரிசையில் ஒட்டி, டாக்கர் லோட். லோட் செய்தால் இமேஜ் தன் பழைய பெயரோடே வந்து உட்காரும், ரன் செய்யும்போது மறுபடி இணையத்துக்கு ஓடாது. கடைசி ரயிலில் வந்தவன் அன்று திரும்பிப் போகவில்லை. வாத்தியார் வீட்டில் ஒரு பாய் கூடுதலாக விரிந்தது.

இனிமேல்தான் சமையல். டெர்மக்ஸ்-பேக்கேஜஸ் களஞ்சியத்துக்குள் நிரலின் பெயரில் ஒரு அடைவு, அதற்குள் பில்டு.எஸ்எச் என்றொரு குறிப்பு. என்ன நிரல், என்ன உரிமம், எந்தப் பதிப்பு, மூலம் எங்கே, அதன் எஸ்எச்ஏ256 என்ன, வேறு எதை நம்பி இருக்கிறது, இவ்வளவுதான். ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள ரன்-டாக்கர் ஸ்கிரிப்டுக்குப் பின்னால் பில்டு-பேக்கேஜ் ஸ்கிரிப்டைக் கொடுத்து, ஏ என்ற கொடியில் ஆர்ச்64, அதாவது 64 பிட் ஆர்ம் சில்லு, என்றான். பெரிய ஐ கொடியை மறக்காமல் சேர்த்தான். சேர்த்தால் சார்பு நூலகங்கள் ஆயத்தமாக இறங்கும். சேர்க்காவிட்டால் அத்தனையையும் மூலத்திலிருந்து கட்டத் தொடங்கும். 8 ஜிபி நினைவகக் கணினியில் அந்த ஒரு எழுத்தை மறந்தவர்கள், பாதி ராத்திரியில் கிளாங் 'கில்டு' என்று சொல்லிச் சாவதைப் பார்த்திருப்பார்கள்.

முதல் முறை கன்டெய்னர், அதாவது ஓடத் தொடங்கிய இமேஜ், எழும்போது கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000, உள்ளே இருக்கும் பில்டர் என்பவரின் எண் 1001. உங்கள் அடைவில் எழுத அவருக்கு உரிமை கொடுப்பதற்காக உள்ளே எண்களை மாற்றிக்கொண்டிருக்கும். தொங்கிவிட்டது என்று கன்ட்ரோல்-சி அடிக்காதீர்கள்.

முதல் பிழை, நிரலை நூலகங்களோடு இணைக்கும் லிங்க் கட்டத்தில். லிப்ஐகான்வ்_ஓப்பன் என்ற குறியீட்டைக் காணோம். குறியாக்கங்களை மாற்றித் தரும் ஐகான்வ், உபுண்டுவின் சி நூலகமான ஜிலிப்சிக்குள்ளேயே அடக்கம், தனியாக எதையும் இணைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டின் சி நூலகமான பயானிக்கில் அது ஆண்ட்ராய்டு 9-இல்தான், அதாவது ஏபிஐ 28-இல்தான், வந்தது. டெர்மக்ஸ் கட்டுவதோ ஏபிஐ 24-க்கு. ஆகவே குனு லிப்ஐகான்வைத் தனிப் பொட்டலமாகச் சார்பில் சேர்த்து, லிங்கருக்கும் சொல்ல வேண்டும். தம்பி சேர்த்தான். பிழை போனது. 'ஐகான்வ் மாறிவிட்டதே, அதற்குள் இருக்கும் குறியாக்கப் பட்டியலும் மாறியிருக்குமோ' என்று அந்த இடத்தில் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில் வானொலியில் கிளாஸ் 3 என்றார்கள், கால் மணி நேரத்தில் மின்சாரமும் போனது.

மடிக்கணினியில் பேட்டரி 47 சதவீதம். வைஃபை பெட்டி அணைந்துவிட்டது, வாத்தியார் போனே ஹாட்ஸ்பாட். அத்தை மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து விசைப்பலகைக்கு மிக அருகில் வைத்தார்.

அவுட்புட் அடைவில் டெப் வந்தது. போனில் நிறுவப் போனால், பொட்டலம் நிறுவும் டிபிகேஜி மறுத்தது: பொட்டலம் ஆர்ச்64, சிஸ்டம் ஆர்ம், பொருந்தாது. போன் 64 பிட் சில்லு என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது உண்மைதான். மலிவு விலைப் போன்கள் பலவற்றில் சில்லு 64 பிட், அதன்மேல் ஓடும் ஆண்ட்ராய்டு 32 பிட். யுனேம் கட்டளையிடம் கேட்டால் ஆர்ம்வி8எல் என்று கடைசியில் ஓர் எல் வரும், அந்த எல்தான் அடையாளம். டெர்மக்ஸில் டிபிகேஜியிடமே கட்டமைப்பு என்ன என்று கேட்டுவிட்டுக் கட்டத் தொடங்குவது உத்தமம். அரை நிமிட வேலை.

ஆர்முக்கு மறுபடி கட்டினான். இந்த முறை டிபிகேஜி பேசாமல் ஏற்றுக்கொண்டது. ஓட்டினால், 'எக்ஸிக் ஃபார்மேட் எரர்'. கட்டிய கோப்பை ஃபைல் கட்டளையால் பார்த்தான். எக்ஸ்86-64 என்ற கணினிச் சில்லு, இன்டர்பிரட்டர் எல்டி-லினக்ஸ். அதாவது டப்பாவின் மேல் மிளகாய்த் தூள் என்று எழுதி உள்ளே சர்க்கரை. சரியாக வந்திருந்தால் ஆர்ம் என்றும், இன்டர்பிரட்டர் சிஸ்டம் அடைவில் உள்ள லிங்கர் என்றும் காட்ட வேண்டும்.

குற்றவாளி மேக்ஃபைல், அதாவது நிரலை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு. அதன் முதல் வரியிலேயே சிசி, அதாவது கம்பைலர், என்பது ஜிசிசி என்று எழுதி வைத்திருந்தார்கள். கன்டெய்னர் சூழல் மாறியில் ஆண்ட்ராய்டு கிளாங்கைக் கொடுக்கிறது. ஆனால் மேக்ஃபைலுக்குள் நேராக எழுதிய மதிப்பு சூழல் மாறியை அடித்துத் தள்ளிவிடும். கன்டெய்னருக்குள் சாதாரண ஜிசிசியும் இருப்பதால் அது சத்தமில்லாமல் கணினிக்கான நிரலைக் கட்டிக் கொடுத்தது. சிஃப்ளாக்ஸ் என்ற கம்பைலர் கொடிகளையாவது சூழலிலிருந்து எடுத்திருந்தால் ஆர்ம் கொடிகளைக் கண்டு ஜிசிசி அப்போதே கத்தியிருக்கும். அதையும் மேக்ஃபைல் தானே எழுதிக்கொண்டது.

இங்கே கவனமான வாசகர் ஒருவர் கையைத் தூக்கலாம்: ஜிசிசிதான் கட்டியது என்றால் லிப்ஐகான்வ் பிழை எப்படி வந்தது? ஐகான்வின் தலைப்புக் கோப்பு டெர்மக்ஸ் அடைவிலிருந்து வந்தது. மேக்ஃபைலில் அந்தப் பாதையைச் சேர்த்தவன் தம்பிதான். பிழை போனதற்குக் காரணம் சார்பைச் சேர்த்தது அல்ல, அதே கையோடு பாதையைக் கழற்றிவிட்டுக் கட்டியதில் ஜிசிசி ஜிலிப்சியின் ஐகான்வைப் பிடித்துக்கொண்டது. புயல் அவசரத்தில் செய்த திருத்தங்களுக்குக் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

ஜிசிசி வரியை நீக்கும் பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, ஒன்றை எழுதிப் பொட்டல அடைவில் போட்டான். அங்கே கிடக்கும் பேட்ச் கோப்புகளை ஸ்கிரிப்டே எடுத்து ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஓட்டினான், ஒரு வினாடியில் முடிந்தது. ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, தாண்டுகிறேன் என்று ஒரு வரி மட்டும். எஃப் கொடி போட்டால்தான் கட்டாயமாகக் கட்டும். இதைப் படிக்காமல் அதே பழைய டெப்பை இரண்டு முறை போனில் நிறுவிப் பார்த்தான். பேட்டரி 31.

எஃப் போட்ட பிறகு உண்மையான ஆர்ம் நிரல் வந்தது. அடுத்த பிழை: தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவில் எழுத முடியவில்லை. ஆண்ட்ராய்டில் செயலிகளுக்கு அப்படியோர் அடைவே கிடையாது. பேட்சில் அந்தப் பாதையை டெர்மக்ஸ் ப்ரிஃபிக்ஸ் என்ற இடக்குறியோடு எழுதினால் கட்டும்போது சரியான பாதை அதில் போய் அமரும். நடுவில் சித்தப்பா மகன், டெப் எல்லாம் எதற்கு, நிரலை மட்டும் எஸ்டிகார்டு அடைவில் போட்டு நேராக ஓட்டலாமே என்று யோசனை சொன்னான். அங்கே வைத்த எதையும் ஆண்ட்ராய்டு ஓட்ட விடாது, அனுமதி மறுப்புதான். அவனைப் பாயில் படுக்கச் சொன்னார்கள்.

பேட்டரி 18. நான்காவது டெப். நிறுவினான், ஓட்டினான், நிரல் ஓடியது. முதல் முறையாக, கண்ணியமான முழு வாக்கியத்தில் ஒரு பதில் சொன்னது: திஸ்கி என்ற குறியாக்கம் ஆதரிக்கப்படவில்லை.

திஸ்கியை அறிந்திருப்பது ஜிலிப்சியின் ஐகான்வ். குனு லிப்ஐகான்வின் பட்டியலில் வியட்நாம், தாய்லாந்து, லாவோஸ் எல்லாம் உண்டு, திஸ்கி இல்லை. பயானிக்கில் பெரும்பாலும் யூனிகோடு குடும்பம் மட்டுமே. கன்டெய்னர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தது. போனில் இல்லாத பட்டியலை அது எங்கிருந்து கொண்டுவரும்? அந்த 600 வரி நிரலும் மாற்றும் வேலையைத் தானாகச் செய்யவில்லை, எல்லாவற்றையும் ஐகான்வ் தலையில் கட்டியிருந்தது. அட்டவணையைத் தானே எழுதுவதும் லேசு இல்லை. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும், 'கெ' என்றால் கொம்பு முன்னால், 'க' பின்னால். யூனிகோடில் 'க' முதலில். 'கொ' என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், இரண்டையும் பிடித்து வந்து ஒன்றாக்க வேண்டும். போனிலேயே மாற்றியாக வேண்டும் என்றால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் அந்தப் பகுதி ஏற்கெனவே இருக்கிறது, கம்பைலும் வேண்டாம், கன்டெய்னரும் வேண்டாம்.

"என்ன தம்பி, ஆச்சா?" என்றார் வாத்தியார்.

"மாமா, உங்க போன்ல திஸ்கி இல்ல. அதான் மாத்த முடியல."

"போன்ல ஏன் மாத்தணும்? போன்ல படிக்கணும்னுதானே சொன்னேன்."

தம்பி கொஞ்ச நேரம் மெழுகுவர்த்தியைப் பார்த்தான். பிறகு மடிக்கணினியில், எந்தக் கன்டெய்னருக்கும் வெளியே, ஐகான்வ் என்று அடித்து, திஸ்கியிலிருந்து யுடிஎஃப்-8-க்கு என்று சொல்லி, எல்லாக் கோப்பையும் ஒரு லூப்பில் கொடுத்தான். என்டர் அடித்த விரலை எடுப்பதற்குள் முடிந்தது. பேட்டரி 11.

முதலில் திறந்த கோப்பு 2003-ஆம் ஆண்டுக் காவடிக்கு அன்னதானச் சாமான் பட்டியல். வாத்தியார் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"பரங்கிக்காய் 12 கிலோன்னு இருக்கே. கன்வர்ட் பண்ணும்போது தப்பா வந்திடுச்சு போல. நாம வாங்கினது 20."

"12தான்" என்றார் அத்தை சமையலறையிலிருந்து. "அன்னைக்குப் பத்தாம போச்சே, மறந்துட்டீங்களா?"