கூடத்தில் கிடந்த முடித் திரி
நேற்று அதிகாலை நான்கு மணிக்கு, சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக் கூடத்தின் மொசைக் தரையில் எங்கள் பூனை கழுத்தை நீட்டி, அடிவயிறு உள்வாங்க மூன்று முறை குமட்டிய பிறகு, சுண்டுவிரல் நீளத்தில் ஈரமான சாம்பல் நிறத் திரி ஒன்றைக் கக்கியது. மலம் என்றுதான் அம்மா நினைத்தார். குச்சியால் பிரித்துப் பார்த்தபோது முழுவதும் முடி. குறுகிய உணவுக்குழாய் வழியே வருவதால் அது உருண்டையாக இல்லாமல் நீண்டிருக்கிறது.

பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த, கெராட்டின் என்ற நகப் பொருளாலான முட்கள் இருப்பதால், நக்கும்போது ஒட்டும் முடியைத் துப்ப அதற்கு வழியில்லை. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். இரைப்பையில் தங்குவதே இப்படித் திரும்பி வருகிறது. சேலத்து வெயில் ஏறும் நாட்களில் தினமும் சீப்பால் வாரிவிடுவேன். ஏற்காட்டில் உறவினர் வீட்டுத் திருமணம் என்று நான்கு நாள் விட்டதன் பலன் இது. இப்போது உலர் தீவனத்தைக் குறைத்து ஈரத் தீவனத்தைக் கூட்டி, தண்ணீர்க் கிண்ணங்களை மூன்றாக்கியிருக்கிறேன். பால் ஊற்றச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காது, கழிச்சல்தான் மிஞ்சும்.

எப்போதாவது ஒரு திரி வந்தால் நான் கலங்குவதில்லை. ஆனால் எதுவும் வெளிவராமல் திரும்பத் திரும்பக் குமட்டினாலோ, ஒரு நாள் முழுக்க உண்ணாமல் சோர்ந்து படுத்தாலோ, குடலடைப்பாக இருக்கக்கூடும் என்பதால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். நூலும் அதே முட்களில் சிக்கி உள்ளே போய்க் குடலை அறுக்கக்கூடும் என்பதால், அம்மா பூத்தொடுக்கும் நூல்கண்டு பீரோவுக்குள் போய்விட்டது.