பாடக் கூடாத அறிவிப்பு

1991-ல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தபோது கல்லூரி எஃப்.எம். நிலையத்தில் பகுதி நேர வேலை பார்த்தேன். பாட்டு போடுவது, வானிலை படிப்பது, ஒலிபரப்பானதையெல்லாம் நேரத்தோடு குறிக்கும் லாக் புத்தகத்தை நிரப்புவது, அவ்வளவுதான் வேலை. போர் மாதிரி ஆபத்து வந்தால் வானொலி வழியாக மக்களை எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு; சில வாரங்களில் அந்த அவசர ஒலிபரப்புச் சோதனையும் என் தலையில் விழும். பிளாஸ்டிக் உறை போட்ட, மூலை மடங்கிய ஓர் அட்டை மேசையிலேயே கிடக்கும். "அடுத்த அறுபது விநாடிகளுக்கு இந்த நிலையம் அவசர ஒலிபரப்பைச் சோதிக்கப்போகிறது, இது வெறும் சோதனைதான்" என்று படித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் 853, 960 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகள் ஒன்றாகக் கிளம்பும். ஒன்றோடொன்று சேராத ஒலிகள், இருபது விநாடிக்கு மேல் பல்லைக் கூசவைக்கும். அப்புறம் மீதி அட்டை. நேரம் எழுதிக் கையெழுத்து.

நிலையத்தின் வயதான இன்ஜினியர் ஒருநாள் இழுப்பறையிலிருந்து பழைய டேப் ஒன்றை எடுத்துப் போட்டார். அதே அறிவிப்பு, வார்த்தை மாறாமல், நாலைந்து பேர் சேர்ந்து சோப்பு விளம்பரம் மாதிரி குழைந்து குழைந்து பாடுகிறார்கள்! எழுபதுகளில் சில நிலையங்கள் இப்படி ஒலிபரப்பி, கடைசியில் வானொலி நிலையங்களைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையமான எஃப்.சி.சி., சோதனையைப் பாடவும் கூடாது, கேலியாகப் படிக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

1971 பிப்ரவரி 20, சனிக்கிழமை காலை நடந்ததைச் சொன்னார். கொலராடோவில் செயென் மலைக்குள் இருந்த ராணுவ மையத்தில் வழக்கமான சோதனை டேப்புக்குப் பதிலாக நிஜ எச்சரிக்கை டேப்பை மாற்றிப் போட்டுவிட்டார் ஒருவர். நாடு முழுக்க நிலையங்களின் டெலிபிரின்டரில், அதாவது தந்தி அச்சு இயந்திரத்தில், செய்தி வந்துவிட்டது, நிஜம்தானா என்று சரிபார்க்க மூடி முத்திரையிட்ட உறையில் வைத்திருந்த ரகசியச் சொல்லும் பொருந்திவிட்டது. ஆனால் பெரும்பாலான நிலையங்கள் பாட்டை நிறுத்தவே இல்லை, சனிக்கிழமைச் சோதனைதானே என்று விட்டுவிட்டார்கள். ரத்து செய்ய நாற்பது நிமிடம் பிடித்தது. நிஜமாகவே ஏவுகணை வந்திருந்தால்?

அறிவிப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆகவே அதைப் பாடுவதைத் தடுத்தது நியாயம் என்பது அவர் கட்சி. எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு யாரும் பாடவில்லையே, வாரம் தவறாமல் ஒரே குரலில் கேட்டுக் கேட்டுத்தானே காது மரத்துப்போனது என்றேன். சின்னப் பையனுக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து அட்டையைப் படித்தேன். முறைப்படிதான், ஆனால் என் மதுரை இங்கிலீஷில். முடித்து மைக்கை அணைத்ததும் தொலைபேசி. ஒரு பாட்டி, குரல் நடுங்குகிறது: வழக்கமாகப் படிப்பவருக்கு என்ன ஆயிற்று, நிஜமாகவே சோதனைதானா? சோதனைதான் அம்மா என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் வைத்தார்.

இன்ஜினியரிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்தார், லாக்கில் இதை எழுதித் தொலைக்காதே என்றார்.