சொன்னால் புதுப்பித்துவிடுவார்

“அந்தக் கடைக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் என்ன, தம்பி?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“சொன்னால் புதுப்பித்துவிடுவார், அண்ணாச்சி” என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, உங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. காலாவதியாகப் போகும் டொமைன், அதாவது இணையதளப் பெயர், ஒன்றின் மேல் கண் வைத்திருக்கும்போது அதன் சொந்தக்காரரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. விலை விசாரித்தாலே போதும், மறந்திருந்தவர் விழித்துக்கொள்வார். வாடிக்கையாளர் கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். அதன்பின் அவரும் வற்புறுத்தவில்லை.

அண்ணாச்சியின் கடைக்கும் அந்தக் கடைக்கும் ஒரே பெயர். சாமி பெயரோடு ‘ஸ்டோர்ஸ்’ சேர்த்தால் ஊருக்கு ஒரு கடையாவது தேறும். இவருடையது மளிகை, அது பாத்திரக்கடை. ஊரும் வேறு, மாவட்டமும் வேறு. டாட் காம் அவர்களிடம் இருந்ததால் இவர் டாட் இன்னோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அவர்கள் தவணை கட்டாமல் விட்ட அந்த டாட் காமைப் பிடித்துத் தருவதுதான் எனக்கு வந்த வேலை. பெயரில் இருவருக்கும் சம உரிமை. பிரபல நிறுவனத்தின் பெயரை வளைத்துப் போட்டுப் பேரம் பேசுகிற கதையல்ல இது. அப்படிப்பட்ட வேலை வந்தால் நான் ஏற்பதில்லை.

ஆனால் என்னைக் குடைவது உரிமை அல்ல, தேதி. தவணை முடிந்த டாட் காம் பெயரை, அதைப் பதிவுசெய்து கொடுத்த பதிவாளர் நிறுவனம் 45 நாள்வரை கையில் வைத்திருக்கலாம். பெரிய பதிவாளர்கள் பலர் அந்த இடைவெளியிலேயே பெயரைத் தங்கள் ஏலத்தில் விற்றுவிடுவார்கள். இது ஒரு சிறிய பதிவாளரிடம் இருந்ததால் ஏலத்துக்குப் போகாமல் மீட்புக் காலத்துக்குள் நுழைந்தது. அது 30 நாள். கூடுதல் கட்டணம் கட்டினால் பெயர் திரும்பக் கிடைக்கும். அதற்கும் பிறகு ‘பெண்டிங் டெலீட்’ என்று 5 நாள், நீக்கத்துக்கான காத்திருப்பு; அது முடிந்ததும் பெயர் விடுபட்டு, முந்துகிறவருக்குப் போகும். அந்த 5 நாளில் சொந்தக்காரரே பணத்தோடு வந்து நின்றாலும் பெயரை மீட்க முடியாது.

அண்ணாச்சி கேட்டது மீட்புக் காலத்தின் கடைசி வாரத்தில். அடுத்த வாரம் கேட்டிருந்தால், “இனிச் சொல்லிப் பயனில்லை, அண்ணாச்சி” என்றிருப்பேன். அதுவும் உண்மைதான், யார் மனத்திலும் முள்ளாகத் தைக்காத உண்மை. கேள்வி ஒரு வாரம் முந்தி வந்துவிட்டது.

பாத்திரக்கடைக்காரருக்கு யாரும் சொல்லாமலும் இல்லை. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த 5 நாளுக்குள் இன்னொன்று என்று நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது பதிவாளர்களுக்கு, இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு வகுத்த விதி. இத்தனைக்குப் பிறகும் கட்டாதவருக்காக நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இப்படிக் கேட்டுவிட்டு நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன். அந்த நினைவூட்டல்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? தளத்தைக் கட்டிக்கொடுத்த பையனின் மின்னஞ்சலுக்குப் போகும். அவன் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பான். அல்லது அதே டொமைனில் இருக்கும் முகவரிக்குப் போகும். தவணை முடிந்து பெயர் நின்றால் அந்தப் பெட்டியும் நின்றுவிடும். என்னிடம் வரும் வியாபாரிகளில் பாதிப்பேரின் நிலை இதுதான். அதைச் சரிசெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறவனும் நான்தான்.

1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயில் உள்நுழைவுக்குப் பயன்பட்ட தன் பாஸ்போர்ட் டாட் காமுக்குப் பணம் கட்ட மறந்து, ஹாட்மெயிலில் பலர் நுழைய முடியாமல் போனது. மைக்கேல் சேனி என்ற அமெரிக்க நிரலாளர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். புண்ணியவான். ஆனால் அந்தப் பெயருக்காக அவர் வாசலில் வாடிக்கையாளர் யாரும் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாங்கள் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்பது என் அடுத்த வாதம். பெயர் விடுபடும் அந்த நொடியில், டாட் காம் பெயர்களின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் பதிவகத்தின் கதவைத் தட்டுவதற்கென்றே நூற்றுக்கணக்கான பதிவாளர் உரிமங்களை வாங்கிக் குவித்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அவர்கள் கையில் சிக்கியிருந்தால் பாத்திரக்கடைக்காரர் திரும்ப வாங்க ஆயிரக்கணக்கான டாலர் கேட்டிருப்பார்கள். நல்ல வாதம். ஆனால் ஒரே சேவையில் இரண்டு பேர் பேக்ஆர்டர், அதாவது பெயர் விடுபட்டதும் பிடித்துத் தரச் சொல்லும் முன்பதிவு, போட்டிருந்தால் அவர்களுக்குள் ஏலம் நடக்கும். எங்களுக்கு ஏலமே வரவில்லை. நள்ளிரவை ஒட்டிப் பெயர் விழுந்தது; பேக்ஆர்டர் கட்டணத்துக்கே கைக்கு வந்தது. அங்கே எங்களைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை என்றே தெரிகிறது.

அடுத்த வாரம் அண்ணாச்சிக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுத்தபோது, அந்த டொமைனில் எந்த முகவரிக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படி வைத்திருந்தேன். முதலில் வந்தது நாச்சியார்கோவில் பட்டறை ஒன்றின் கடிதம்: ‘குத்துவிளக்கு – புதிய விலைப்பட்டியல்’. மூன்று முக விளக்கா, ஐந்து முகமா என்று நான் திறந்து பார்க்கவில்லை. பதில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் அந்தக் கடையின் முகவரியிலிருந்து வேறொருவன் எழுதியதாகிவிடும். பழைய முகவரிகளுக்கு வருவதெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பும்படி மாற்றிவிட்டேன். பட்டறைக்காரர் போன் போட்டுக் கேட்டிருப்பார், அவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சி பில்லை அன்றே தீர்த்தார். பெயர் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான். அந்த ‘உங்கள் தொழில்’ என்ற சொல்லை மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பது என்று தெரியவில்லை. என்னை நம்பிச் சொன்னாரா, இது உன் கணக்கில் இருக்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டாரா? சொல்ல வேண்டும் என்று அவர் உண்மையிலேயே நினைத்திருந்தால், பாத்திரக்கடையின் எண் கூகுள் வரைபடத்தில் இருந்தது, அவரே போட்டிருக்கலாம். நானும்தான்.

இப்போது இப்படிப்பட்ட வேலை வந்தால், பெயரின் நிலை பெண்டிங் டெலீட் என்று மாறும்வரை வாடிக்கையாளரிடம் வாய் திறப்பதில்லை. பேக்ஆர்டர் போட அந்த 5 நாள் தாராளமாகப் போதும்.